ஆறாவது ஆளுக்கு விரித்த பாய்

பாறைக்குழிக் காலனியில் முதலில் கிளம்பியது பேபி அக்காவின் பிரிட்ஜ்தான். ஆடிக் காற்று தகரக் கூரைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், பால் எடுக்கப் போன பேபி அக்கா, சமையல்கட்டு மூலையில் இருக்க வேண்டிய பிரிட்ஜ் நடுவீட்டில் மேற்குப் பார்த்து, சொல்லிக்கொண்டு போவதா சொல்லாமல் போவதா என்று தயங்கும் விருந்தாளியைப் போல நிற்பதைக் கண்டாள். நகர்த்தி வைத்தது யாரென்று அவள் புருஷனைத் திட்ட, அவர் மகனைத் திட்ட, மகன் தன் பெண்டாட்டியைத் திட்ட, திட்டு ஒரு சுற்றுச் சுற்றி முடிவதற்குள் பிரிட்ஜ் இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. பேபி அக்கா அலறவில்லை. பாலை எடுத்துக் காய்ச்சி, எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று மட்டும் கேட்டாள்.

அந்த வாரம் முடிவதற்குள் காலனி முழுக்க இதே பேச்சானது. மும்தாஜின் தையல் மெஷின், ஈஸ்வரியின் வாஷிங் மெஷின், லூர்து மேரியின் வீட்டுக்காரர் ஓட்டும் ஷேர் ஆட்டோ, ஆளாளுக்கு வைத்திருந்த டிவி, பைக், இரும்புக் கட்டில், கடைசியில் மாரியம்மன் கோயில் மைக்செட் வரைக்கும் எல்லாம் மேற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர ஆரம்பித்தன. ரொக்கம் கொடுத்து வாங்கிய எதுவும் அசையவில்லை. அம்மி அசையவில்லை, ஆட்டுக்கல் அசையவில்லை, சீரில் வந்த பித்தளை அண்டா அசையவில்லை. அசைந்ததெல்லாம் கருணைக்கரம் பைனான்ஸில் கடன் வாங்கி வீட்டுக்கு வந்தவை. தவணை ஒழுங்காகக் கட்டினால் மெதுவாக நகர்ந்தன, தவறினால் வேகமாக நகர்ந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். காலனிக்கு மேற்கே, அந்தக் காலத்தில் கல் உடைத்து எடுத்த பாறைக்குழி கறுத்த தண்ணீரோடு கிடந்தது. குழிக்கு அக்கரையில், மெயின் ரோட்டின் மேல், கண்ணாடி பதித்த மூன்று மாடியில் இருந்தது கருணைக்கரம் பைனான்ஸ். மனிதர்கள் குழியைச் சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாகப் போவார்கள். சாமான்களுக்கு ரோடு தெரியாது, அவை நேராகத்தான் போகும்.

எந்த அதிசயமும் ஒரு மாதத்துக்கு மேல் அதிசயமாக இருப்பதில்லை. பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிற ஜனங்கள் காலை எட்டரைக்கு மெஷின் முன்னால் உட்கார வேண்டும், பிரிட்ஜ் எதற்கு நடக்கிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கிறது. கம்பெனியில் கிலோ கணக்கில் கிடைக்கிற கட்டிங் வேஸ்ட்டை, சிவப்பும் ஊதாவும் மஞ்சளுமாக இருக்கிற பனியன் துணி நாடாக்களை, முறுக்கிக் கயிறாக்கி, சாமான்களை ஜன்னல் கம்பியிலும் ஆட்டுக்கல்லிலும் கட்டிப் போட்டார்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் மேற்குச் சுவர் கெட்டியாக இருக்கிற வீடுகளுக்கு வாடகையை ஏற்றினார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், சீர் சாமான் நிற்கிறதா நடக்கிறதா என்று கேட்பது வழக்கமாகி, நடக்கிற சீருக்கு நாலு பவுன் கூடுதலாகக் கேட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனவர்களை ஏட்டையா உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, தன் பைக்கை ஸ்டேஷன் வேப்பமரத்தில் சங்கிலி போட்டு வைத்திருப்பதைக் காட்டி அனுப்பினார். கோயில் பூசாரி மைக்செட்டை அம்மனின் சூலத்தில் கட்டினார். அம்மன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள் சாந்தாமணி. அவள் வீட்டில் நடக்கிற சாமான் ஒன்றும் கிடையாது. டிவி பழசு, ரொக்கத்துக்கு வாங்கியது. மிக்ஸி அம்மா வீட்டுச் சீர். புருஷன் லாரி ஓட்டுகிறவர், லைனுக்குப் போனால் வாரக்கணக்கில் ஆளைப் பார்க்க முடியாது. சாந்தாமணி பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினாள், ஒன்பது வயது மகள் கௌசிகாவை வளர்த்தாள். கருணைக்கரத்தில் அவளுக்கும் கடன் இருந்தது, ஆனால் அந்தக் கடனில் அவள் எதையும் வாங்கி வீட்டில் வைக்கவில்லையே என்ற தைரியம் அவளுக்கு.

ஒரு நாள் காலையில் கிழக்குச் சுவரோரம் படுக்க வைத்த பிள்ளை மேற்குச் சுவரோரம் கிடந்தாள். உருண்டிருப்பாள் என்று தூக்கிப் போட்டாள் சாந்தாமணி. அடுத்த நாளும் அப்படியே. அதற்கும் அடுத்த நாள், விழித்துக்கொண்டே, நெஞ்சைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றாள் கௌசிகா.

"ஏன் கண்ணு அங்க போய் நிக்கற? இங்க வா."

"நான் போகலம்மா," என்றாள் பிள்ளை. "உள்ள இருக்கறது போகுது."

சாந்தாமணிக்கு அப்போதுதான் புரிந்தது. முந்தின வருஷம் கௌசிகாவுக்கு இதயத்தில் ஓட்டை என்று சொன்னார்கள். காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் செய்ய எட்டு மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள், அதுவரை தாங்காது என்றார் டாக்டர். அப்போதுதான் சாந்தாமணி கருணைக்கரத்தில் கடன் வாங்கி, கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து, அந்த ஓட்டையின் மேல் சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு துண்டை வைத்துத் தைத்துக் கூட்டி வந்தாள். கடனில் வாங்கிய சாமான் அது. அதுவும் மற்ற சாமான்களைப் போல மேற்கே போகப் பார்த்தது, நடுவில் பாறைக்குழி இருப்பது அதற்கும் தெரியாது.

அன்றிலிருந்து அவள் சிரிக்கவில்லை. இருப்பதிலேயே மெத்தென்ற நாடாக்களைப் பொறுக்கி, இடுப்பை அறுக்காதபடி அகலமாகப் பின்னி, வீட்டிலிருந்தால் பிள்ளையை ஆட்டுக்கல்லோடும் வெளியே போனால் தன் இடுப்போடும் கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் முகம் சுளிக்கவில்லை. பிரசவத்துக்குக் கடன், காய்ச்சலுக்குக் கடன் என்று அந்த வகுப்பில் இன்னும் சில பிள்ளைகள் மேற்கே சாய்ந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களை எல்லாம் மேற்குச் சுவரை ஒட்டிய பெஞ்சில் உட்கார வைத்து, நாடாவால் ஜன்னல் கம்பியில் கட்டி, வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். கௌசிகாவின் தோழி சம்யுக்தா, மேற்கே திறக்கிற கதவோரப் பெஞ்சில் இருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் கௌசிகாவுக்கு உலகத்திலேயே பெரிய ஆசை, கதவோரத்தில் கட்டுவதற்குக் கம்பி இல்லை என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமைதோறும் பேபி அக்கா வீட்டு முன்னால் கருணைக்கரத்துக் கடன் குழுக் கூட்டம். விளக்கு வைக்கிற வெள்ளிக்கிழமை காசை வெளியே கொடுக்க மாட்டோம் என்று பெண்கள் ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள், கம்பெனிக்கு வெள்ளி செவ்வாய் எல்லாம் தெரியாது என்று பதில் வந்தது. ஐந்து பேருக்கு ஒரு குழு. சாந்தாமணி தலைவி, பேபி அக்கா, மும்தாஜ், ஈஸ்வரி, லூர்து மேரி. வசூலுக்கு வருகிற தனபால் வந்து நின்றதும் ஐந்து பேரும் எழுந்து கையை நீட்டி, ஒருத்தியால் முடியாவிட்டால் மற்ற நால்வரும் கட்டுவோம் என்று உறுதி சொல்லிவிட்டுப் பாயில் உட்கார வேண்டும். முழுத் தவணையும் சேரும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. சோறு பொங்கினாலும், பிள்ளை அழுதாலும், உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். ஒரு தடவை ஈஸ்வரியிடம் காசு இல்லாமல் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்து, கடைசியில் பேபி அக்கா மூக்குத்தியைக் கழற்றி அடகுக்கு அனுப்பியபிறகுதான் எழுந்தார்கள். ஆனால் ஒன்று. மற்றவர்கள் கட்டிவிட்டால் அந்த வாரத்துக் கணக்கு அதோடு தீர்ந்தது, கம்பெனி ஈஸ்வரியைத் திரும்பக் கேட்காது. அவள் பட்ட கடன் அவளுக்கும் பேபி அக்காவுக்கும் நடுவில், குழம்பும் கோபமும் கைமாறுகிற மாதிரி மெதுவாகக் கைமாறிக்கொள்ளும். இந்த ஒரு சட்டம்தான் அந்தப் பெண்களுக்கு நன்றாகத் தெரிந்த சட்டம். அதை நம்பித்தான் அவர்கள் மோசம் போனார்கள்.

தனபால் கெட்டவர் இல்லை. ரெண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவர், சட்டையை இன் பண்ணிக்கொண்டு எல்லோரையும் அக்கா என்று கூப்பிடுகிறவர். அவருடைய பைக்கும் கருணைக்கரத்துக் கடன்தான். சாயந்திரம் ஆபீசுக்குத் திரும்பும்போது இன்ஜினை அணைத்துவிட்டாலும் அதுவாகப் போகும், காலையில் ஆபீசை விட்டுக் கிளம்பும்போது இரண்டு பங்கு பெட்ரோல் குடிக்கும். மும்தாஜ் ரம்ஜானுக்கு அம்மா வீடு போயிருந்த நேரத்தில் அவள் தையல் மெஷின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு போய்ப் பாறைக்குழியில் விழுந்தபோது, சாமானே போய்விட்டது, இனி எதற்குத் தவணை என்று அவள் அழுதாள். தனபால் தலையைக் குனிந்துகொண்டுதான் பதில் சொன்னார்.

"சாமான் எங்க போச்சுன்னு கம்பெனிக்குத் தெரியாதுங்க்கா. கடன் எங்க இருக்குதுன்னுதான் தெரியும்."

இப்படியே இரண்டு வருஷம் போனது. பிறகு ஒரு நாள், கருணைக்கரம் பைனான்ஸ் விழுந்துவிட்டது. கட்டடம் விழவில்லை, கம்பெனிதான் விழுந்தது. பிரிட்ஜுக்கும் தையல் மெஷினுக்கும் கொடுத்த காசு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஆனால் சென்னையிலும் பம்பாயிலும் இருக்கிற பெரிய மனிதர்கள், துறைமுகம் கட்டுகிறேன், விமானம் விடுகிறேன் என்று வாங்கிய கோடிகள் வரவில்லை. அந்தப் பெரிய மனிதர்களின் விமானங்கள் மேற்கே நகர்ந்ததாகவோ, அவற்றை யாரும் நாடாவால் கட்டியதாகவோ ஒரு தகவலும் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் இரும்பு ஷட்டரை இழுத்துவிட்டார்கள். தனபால் வரவில்லை. வெள்ளிக்கிழமை பெண்கள் பழக்கதோஷத்தில் பாயை விரித்து உட்கார்ந்திருந்து, யாரும் வராமல், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள்.

அன்றைக்கே சாமான்கள் நின்றன. ஆட்டோவின் கட்டுத் தளர்ந்து தொங்கியது. சாந்தாமணி பிள்ளையை ஆட்டுக்கல்லிலிருந்து அவிழ்த்து, கையைப் பிடித்துக்கொண்டு, பயந்து பயந்து வாசலுக்குக் கூட்டி வந்து, கையையும் விட்டுப் பார்த்தாள். கௌசிகா நின்றாள். ஒரு பக்கமும் சாயாமல், கோயில் கொடிமரம் மாதிரி நேராக நின்றாள். அப்புறம் கிழக்கே ஓடினாள், தெற்கே ஓடினாள், திரும்பி வந்து பாண்டிக் கட்டத்தில் ஒற்றைக்காலில் நொண்டினாள், மேற்குப் பக்கத்துக் கட்டத்தில் கல் விழுந்தால்கூடப் போய் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவள் வாழ்க்கையில் சந்தோஷம் என்று ஒன்று இருந்ததென்றால் அது ஷட்டர் மூடியிருந்த அந்தக் கொஞ்ச நாள்தான்.

ஆனாலும் நாடாக்களை யாரும் தூக்கிப் போடவில்லை, தளர்த்தித்தான் வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் தனபால் ஷேவ் செய்யாத முகத்தோடு நடந்து வந்தார். சம்பளம் வரவில்லை, பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டவில்லை. கம்பெனியை அரசாங்கம் தூக்கி நிறுத்தப் போவதாகப் பேச்சு இருக்கிறது, கடன் வாங்கிய ஜனங்களும் வந்து கேட்டால் சீக்கிரம் நடக்கும், கலெக்டர் ஆபீஸ் முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் போதும் என்றார். பேபி அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. விழுந்தது விழுந்தபடி கிடக்கட்டும், அதைத் தூக்கி நம் தலைமேல் வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டாள். மற்றவர்களும் அவள் பக்கம்தான். சாந்தாமணி மட்டும் யோசித்தாள். ஷட்டர் எப்போது வேண்டுமானாலும் திறக்கும், வேறு எவனாவது வாங்கித் திறந்தால் என்ன கதி என்று அவளுக்கு உள்ளூர உதறல். பிள்ளையின் கட்டு ஒரேயடியாக அவிழ வேண்டும், அதற்குக் கடன் ஒரேயடியாகத் தீர வேண்டும். டிவியில் மந்திரி வந்து, இந்தக் கம்பெனி விழுந்தால் ஏழைகள் விழுவார்கள், அதனால் அரசாங்கமே மொத்தக் கடனையும் ஏற்றுக்கொண்டு தாங்கிப் பிடிக்கும் என்று சொன்னதை அவள் கேட்டிருந்தாள். அதைத் தனக்குத் தெரிந்த சட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, ஈஸ்வரி கட்ட முடியாதப்ப நீங்க கட்டுனீங்கல்ல? அதுக்கப்பறம் கம்பெனி அவகிட்டப் போய் மறுக்காக் கேட்டுதா? கேக்கலையல்ல. இப்பக் கவர்மென்டு வந்து கட்டுதுன்னா, நம்ம குழுவுல ஆறாவது ஆளா வந்து உக்காருதுன்னுதான அர்த்தம்? நம்ம எல்லாருத்து பாக்கியும் அதோட தீந்துதுங்க்கா."

அவள் சொன்னதில் பிசகு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள், ஆனால் அது முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டினவர் கட்டினால் பட்டவர் விடுபடுவார் என்பதைவிட நியாயமான ஒரு கணக்கை நான் கேட்டதில்லை. பேபி அக்கா வெற்றிலையை மென்றுகொண்டே நெடுநேரம் யோசித்துவிட்டு, சரி போலாம் என்றாள். ஐந்து பேரும், அவர்களைப் பார்த்துக் காலனியில் பாதிப் பேரும், பஸ் ஏறிப் போய் வெயிலில் நின்று, கம்பெனியைக் காப்பாற்றுங்கள் என்று கத்திவிட்டு வந்தார்கள். நீரும் மோரும்கூட அவரவர் காசில்தான் குடித்தார்கள்.

கம்பெனியைக் காப்பாற்றினார்கள். எத்தனை ஆயிரம் கோடி என்று டிவியில் சொன்னார்கள், பூஜ்யங்கள் திரையைத் தாண்டிப் போயின. அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று மும்தாஜ் கேட்டாள். தீப்பெட்டி வாங்கினாலும், செருப்பு வாங்கினாலும், பிள்ளைக்குப் பிஸ்கட் வாங்கினாலும் கட்டுகிற வரியிலிருந்து வந்தது என்று லூர்து மேரியின் வீட்டுக்காரர் விளக்கினார். அப்படியானால் நம் காசுதான் நமக்காக வந்து கட்டியிருக்கிறது என்று பெண்கள் இன்னும் சந்தோஷப்பட்டார்கள். ஷட்டர் திறந்த அன்று காலனியே பண்டிகையாகிவிட்டது. அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி, தெரு முழுக்க இலை போட்டுச் சாப்பிட்டார்கள். எல்லோர் வீட்டு நாடாக்களையும் அவிழ்த்து, மாரியம்மன் கோயில் முன்னால் போகிக்குக் குவிக்கிற மாதிரிக் குவித்து, சாந்தாமணி கையாலேயே தீ வைக்கச் சொன்னார்கள். சிவப்பும் ஊதாவும் மஞ்சளுமாக எரிந்து, கறுத்து, ஒட்டிக்கொண்டது. ஒரு முழம்கூட யாரும் எடுத்து வைக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாந்தாமணி கௌசிகாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய், இனிமேல் பிள்ளையைக் கட்ட வேண்டாம் என்று டீச்சரிடம் சொன்னாள். சம்யுக்தா பக்கத்தில் உட்காரட்டுமா என்று கேட்டாள் பிள்ளை. தாராளமாக உட்காரட்டும் என்று சாந்தாமணியே கதவோரப் பெஞ்சுக்குக் கொண்டுபோய் விட்டு, தலையைக் கோதிவிட்டு வந்தாள்.

கூட்டத்துக்குப் பேபி அக்கா புதுக் கோரைப் பாய் ஒன்றை எடுத்து வந்திருந்தாள். ஐந்து பேர் உட்காரும் பாய்க்குப் பக்கத்தில் அதைத் தனியாக விரித்து, மேலே ஒரு சொம்பு தண்ணீரும், ஒரு தட்டில் முறுக்கும் வைத்தார்கள். அரசாங்கம் நேரில் வந்து உட்காராது என்று அவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் குழுவில் சேர்ந்த ஆளுக்கு இடம் போடாமல் இருப்பது மரியாதை இல்லை.

தனபால் புது ஷூ போட்டுக்கொண்டு வந்தார். பாயைப் பார்த்து, இன்னும் யார் வர வேண்டும் என்று கேட்டார். சாந்தாமணி சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் கேட்டு முடித்து, முறுக்குத் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதருக்கு அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

"அக்கா, அவங்க கட்டுனது கம்பெனியோட கடனுங்க. உங்க கடன் அப்படியேதான் இருக்குது. மூடியிருந்த வாரத்துக்கும் சேத்து, வட்டியோட வாங்கீட்டு வரச் சொல்லியிருக்கறாங்க."

சொம்புத் தண்ணீர் லேசாக ஆடியது. அப்புறம் பேபி அக்கா வீட்டுக்குள் பிரிட்ஜ் நகரும் சத்தம் கேட்டது. முன்பு போல விரற்கடை நகர்வல்ல. அரசாங்கமே பின்னால் நிற்கிற தெம்பில், பசித்த கம்பெனி மூடியிருந்த வாரங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இழுத்தது. பிரிட்ஜ் வாசற்படியைத் தாண்டி, அவர்கள் எல்லோரையும் தாண்டி, புதுப் பாயின் மேலேயே ஏறி மேற்கே போனது. வாஷிங் மெஷின் போனது, ஆட்டோ டிரைவர் இல்லாமல் போனது, டிவிகள் ஒயரை இழுத்துக்கொண்டு போயின, கட்டில்கள் மெத்தையோடு போயின, தனபாலின் பைக் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு போனது, மைக்செட் சூலத்தை விட்டுப் போனது, ஜனங்கள் கதவைப் பிடித்தும் காலைப் பிடித்தும் இழுத்தார்கள், கட்டுவதற்குத் தெருவில் ஒரு நாடா இல்லை. சாந்தாமணி எதையும் பார்க்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

மேற்குச் சுவரோரம் இருந்த பிள்ளைகள் பெஞ்சோடு சுவரில் நசுங்கி அழுதுகொண்டிருந்தார்கள், ஆனால் பத்திரமாக இருந்தார்கள். கதவோரப் பெஞ்சில் சம்யுக்தா மட்டும் இருந்தாள். அவள் கையில் கௌசிகாவின் ரிப்பன் இருந்தது. பிடித்துப் பார்த்தேன் அத்தை, ரிப்பன்தான் வந்தது என்றாள்.

பாறைக்குழியின் விளிம்பில், பிரிட்ஜுகள் ஒவ்வொன்றாக உள்ளே விழுந்து தண்ணீர் மேலே எழும்பி அடிக்கிற இடத்தில்தான் சாந்தாமணி மகளைக் கண்டாள். நெஞ்சை முன்னால் தள்ளி, கையிரண்டையும் பின்னால் விரித்து, செருப்பு தேயத் தேய, போக மாட்டேன் போக மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே போய்க்கொண்டிருந்தாள் பிள்ளை. சாந்தாமணி சுற்றி வந்து அவளுக்கு முன்னால் போய், தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக் குதிகாலை ஊன்றினாள். மண் சரிந்தது. பட்டன் அளவுத் துண்டு ஒன்று தன் மார்பெலும்பை முட்டித் தள்ளுவது அவளுக்குத் தெரிந்தது. இவ்வளவு சின்னதுக்கு இவ்வளவு பலமா என்று நினைத்தாள். நான்தானே கட்ட வேண்டாமென்று சொன்னேன், நான்தானே தீ வைத்தேன் என்று நினைத்து வாய்விட்டு அழுதாள்.

பேபி அக்கா அதுவரை தன் பிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தவள், அந்தச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். கைப்பிடியை விட்டாள். பிரிட்ஜ் போய் விழுந்தது, அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடி வந்து கௌசிகாவின் இடுப்பைப் பின்னாலிருந்து பிடித்தாள். பேபி அக்காவின் இடுப்பை மும்தாஜ் பிடித்தாள், மும்தாஜை ஈஸ்வரி பிடித்தாள், ஈஸ்வரியை லூர்து மேரி பிடித்தாள். ஒருத்தியால் முடியாவிட்டால் மற்றவர்கள் என்று வாராவாரம் கையை நீட்டிச் சொன்ன உறுதியை, முதல் தடவையாகக் கையாலேயே செய்தார்கள். பிள்ளை நின்றாள். பின்னால் வரவில்லை, முன்னால் போகவும் இல்லை. தனபால் ஓடி வந்து தானும் ஒரு கை கொடுத்தார். அதற்குள் அவருடைய போன் அடித்தது, ஒரு கையை எடுத்துப் பேசினார். மீட்டிங்தான் சார் நடக்குது, வசூல் பண்ணீட்டு வர்றேன் என்றார். பேசி முடித்தபிறகு அவரால் அந்தக் கையைத் திரும்பக் கொடுக்க முடியவில்லை. பையை மாட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரோட்டு வழியாக நடந்து போனார்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்தது, விடிந்தது, மறுபடியும் சாய்ந்தது. அவர்கள் விடவில்லை, கம்பெனியும் விடவில்லை. காலனி அதற்கும் பழகிக்கொண்டது. யார் வீட்டிலாவது ஆக்கியதைக் கொண்டுவந்து ஆறு வாய்க்கும் ஊட்டிவிட்டார்கள். வெயிலுக்குச் சேலையைக் கட்டிப் பந்தல் போட்டார்கள். ஆண்கள் புது நாடா பின்னிக் கட்டிப் பார்த்தார்கள், இந்த இழுப்புக்கு அது அறுந்துபோனது, கயிறு வாங்கி வந்து கட்டிப் பார்த்தார்கள், நைலான் கயிறு பிள்ளையின் இடுப்பை அறுத்து ரத்தம் வந்ததால் அதை அவிழ்த்துவிட்டு, அந்தந்தப் பெண் களைக்கும்போது அவளுக்குப் பதில் அவள் மகனோ புருஷனோ மாற்றிப் பிடித்தார்கள். டீச்சர் வந்து விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை தனபால் அங்கேயே வந்தார், அங்கேயே நின்று உறுதி சொன்னார்கள், கையை நீட்ட முடியாததால் வாயால் மட்டும் சொன்னார்கள். தண்ணீருக்குள் கிடக்கிற பிரிட்ஜுக்கும், வாஷிங் மெஷினுக்கும், ஆட்டோவுக்கும் அவரவர் இடுப்பு மடியிலிருந்து தனபாலே காசை எடுத்துக்கொண்டார். சாந்தாமணியின் மடியில் ஒன்றும் இல்லை. மற்ற நால்வர் மடியிலிருந்தும் அவள் தவணையையும் எடுத்துக்கொண்டார்.

பேபி அக்கா வாசலில் அந்தப் புதுப் பாய் இன்னும் சுருட்டப்படாமல் கிடந்தது. பிரிட்ஜ் ஏறிப் போன தடம் அதில் இருந்தது, முறுக்கை எறும்பு தின்றுவிட்டது. சுருட்டி வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அம்மாவின் தோளுக்கு மேலே கௌசிகாவுக்கு அக்கரை தெரிந்தது. கண்ணாடிக் கட்டடத்துக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பின்னால் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் நின்ற லூர்து மேரிக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. அவள் ஒரு கையைப் பின்பக்கம் நீட்டி வைத்திருந்தாள், யாராவது வந்தால் பிடித்துக்கொள்ளட்டும் என்று.

"அந்த ஆறாவது ஆளு வரவே இல்லையாம்மா?"

சாந்தாமணி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது, திரும்பினால் கால் சறுக்கிவிடும்.

"வந்துட்டாங்க கண்ணு," என்றாள். "அக்கட்டால கரையில நின்னு கம்பெனியைப் பிடிச்சுட்டிருக்கறாங்க."

பிள்ளை சரியென்று தலையை அம்மாவின் கழுத்தில் சாய்த்துக்கொண்டாள். சாந்தாமணியின் கை வேர்த்து வழுக்கியது. துடைத்துக்கொள்ள அதை எடுக்க முடியாது என்பதால், இருந்தபடியே விரல்களைக் கொஞ்சம் மாற்றிப் பின்னிக்கொண்டாள்.